விலை உயர்ந்த கன்ட்ரோலர்: கழற்றி மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள்

"அண்ணா, டூயல்சென்ஸ் எட்ஜ் வாங்கட்டுமா, எக்ஸ்பாக்ஸ் எலைட் வாங்கட்டுமா?"

ஊரில் கேம் ஆடும் பையன்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வீட்டில் ப்ளேஸ்டேஷன் இருப்பவனும் கேட்கிறான், காலேஜில் சேர்ந்ததும் கேமிங் லேப்டாப் வாங்கியவனும் கேட்கிறான். நகரி பக்கத்திலிருந்து வருகிற பையன்கள் இதையே தெலுங்கில் கேட்பார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி வந்ததை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் எல்லோருக்கும் பயன்படும் என்றுதான் இந்தப் பதிவு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருத்தணி மாதிரி ஊரில் இருப்பவர்கள் விலை உயர்ந்த கன்ட்ரோலர் வாங்கும்போது, விளம்பரத்தில் வரும் வசதிகளை இரண்டாவதாகப் பார்க்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு. நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் கருவியோடு அது முழுதாகச் சேருமா? தேய்ந்துபோகும் பாகத்தை நாமே மாற்றிக்கொள்ள முடியுமா? இந்த இரண்டுக்கும் "ஆம்" என்று பதில் வராவிட்டால், மற்ற எந்த வசதிக்காகவும் அவ்வளவு பணம் கொடுக்கத் தேவையில்லை.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், இந்த நிறுவனங்களின் சர்வீஸ் சென்டர் எதுவும் நம் ஊரில் கிடையாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் கடைக்காரர்கள் டிஸ்ப்ளே மாற்றுவார்கள், சார்ஜிங் பின் மாற்றுவார்கள். கன்ட்ரோலரைப் பிரிக்கச் சொன்னால் பலர் தயங்குவார்கள். பழுது என்றால் மின்சார ரயில் பிடித்து சென்னைக்குத்தான் போக வேண்டும். ரிச்சி தெருவில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், அன்றே வேலை முடியும் என்ற உத்தரவாதமும் இல்லை.

பணம் எதற்குப் போகிறது?

இந்த வகைக்கு ஒரு வடிவம் கொடுத்தது மைக்ரோசாஃப்ட். 2015 அக்டோபரில் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் எலைட்டின் விலை 149.99 டாலர். 2019 நவம்பரில் எலைட் சீரிஸ் 2 வந்தது, 179.99 டாலர். சோனி 2023 ஜனவரி 26 அன்று டூயல்சென்ஸ் எட்ஜைக் கொண்டுவந்தது, 199.99 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் பதினாறாயிரம் ரூபாய்க்கு மேல். நம் பக்கத்தில் ஒரு குடும்பம் சாதாரண ஸ்மார்ட்போன் வாங்கவே யோசிக்கிற தொகை இது. அதனால் ஒவ்வொரு வசதியையும் "இது யாருக்கு உதவும்" என்று கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பின்பக்கப் பட்டன்கள். எலைட்டில் நான்கு பேடில், எட்ஜில் இரண்டு. குதிக்கவோ, குனியவோ, துப்பாக்கியில் தோட்டா நிரப்பவோ வலது கட்டை விரலை ஸ்டிக்கிலிருந்து எடுத்தால், அந்தக் கண நேரத்துக்குக் குறி நின்றுவிடுகிறது. அந்த வேலையை நடுவிரலுக்குக் கொடுத்துவிட்டால் கட்டை விரல் ஸ்டிக்கிலேயே இருக்கலாம். சுடுகிற கேம்களில் இந்த வித்தியாசம் உடனே தெரியும். கால்பந்து, கிரிக்கெட் கேம்களில் பெரிதாகத் தெரியாது. நீங்கள் ஆடுவது அந்த வகை மட்டும்தான் என்றால் இந்த வசதிக்காகப் பணம் செலவழிக்க வேண்டாம்.

ட்ரிகர் பூட்டு. ஆர்2-ஐ முழு ஆழத்துக்கு அழுத்தாமல் பாதியிலேயே நிற்க வைக்கிற சிறு தள்ளுபட்டை இது. சுடும்போது விரல் சீக்கிரம் திரும்பி வரும். கார் ஓட்டும் கேமில் இதைத் திறந்துவிட வேண்டும். அங்கே எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு வேகம் என்பதால் முழு ஆழமும் தேவை. எலைட் 2, எட்ஜ் இரண்டிலுமே மூன்று நிலைகள் உண்டு.

ஸ்டிக் தொப்பிகள். உயரமானது, தட்டையானது, குவிந்தது என்று மாற்றிக்கொள்ளலாம். உயரமான ஸ்டிக்கில் விரல் அதிக தூரம் நகர வேண்டியிருப்பதால் நுணுக்கமாகக் குறி வைக்க முடியும். எலைட் 2-இல் ஸ்டிக்கின் இறுக்கத்தையே கூட்டிக் குறைக்கலாம். கை சிறியவர்களும், விரலில் வலு குறைந்தவர்களும் இதைக் கவனியுங்கள்.

ப்ரொஃபைல்கள். ஒவ்வொரு கேமுக்கும் பட்டன் அமைப்பைச் சேமித்துவைத்து ஓர் அழுத்தில் மாற்றலாம். வீட்டில் அண்ணன், தம்பி இருவரும் ஒரே கன்ட்ரோலரில் ஆடினால் இது உண்மையாகவே உதவும்.

இந்த வசதிகள் மிக அதிகமாக உதவுவது யாருக்கு என்றால், ஒரு கையில் பலம் குறைந்தவர்களுக்கும் எல்லா விரலும் சரியாக மடங்காதவர்களுக்கும்தான். தேவையான பட்டனை எட்டும் விரலுக்குக் கொண்டுவந்து வைத்தால், ஆட முடியாது என்று நினைத்த கேமை ஆடலாம். இதற்கென்றே மைக்ரோசாஃப்ட் 2018-இல் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரையும், சோனி 2023 டிசம்பரில் ஆக்சஸ் கன்ட்ரோலரையும் வெளியிட்டன. இரண்டின் விலையும் எலைட் 2, எட்ஜ் இவற்றைவிடக் குறைவு. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் எட்ஜையும் எலைட்டையும் விட்டுவிட்டு முதலில் அவற்றைப் பாருங்கள்.

ஸ்டிக் எப்படித் தேய்கிறது?

விரலை வைக்காமலே பாத்திரம் தானாக ஒரு பக்கம் நடந்துபோகும். கேமரா மெல்ல மேலே ஏறும். "அண்ணா, ட்ரிஃப்ட் வந்துடுச்சு" என்று பையன்கள் சொல்வது இதைத்தான். இந்த நோய் சாதாரண கன்ட்ரோலருக்கு மட்டும் வருவதில்லை. இரு மடங்கு, மும்மடங்கு விலை கொடுத்து வாங்கியதற்கும் வரும், ஏனென்றால் உள்ளே இருக்கும் பாகம் ஒரே வகை.

பொட்டென்ஷியோமீட்டர் என்ற சிறு பாகம்தான் அது. ஒரு கரிமப் பாதையின் மேல் ஓர் உலோகத் தொடுமுனை உரசிக்கொண்டே நகரும். அது நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்னழுத்தம் மாறும். அந்த அளவைப் படித்துத்தான் ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேம் கண்டுகொள்கிறது. உரசினால் தேயும். தேய்ந்த தூள் உள்ளேயே கிடக்கும். நடுநிலையில் வர வேண்டிய அளவு பிசகும். அதோடு ஸ்டிக்கை நடுவுக்கு இழுத்து நிறுத்தும் ஸ்ப்ரிங்கும் நாளடைவில் தளரும்.

ப்ளேஸ்டேஷன் 5 வந்த சில மாதங்களில், 2021-இல், ஐஃபிக்ஸிட் என்ற பழுதுபார்க்கும் குழு சாதாரண டூயல்சென்ஸைப் பிரித்து ஒரு கணக்குப் போட்டது. உள்ளே இருந்த ஸ்டிக் பாகத்துக்குத் தயாரிப்பாளர் குறித்திருந்த ஆயுள் இருபது லட்சம் சுழற்சி. வேகமாகச் சுடுகிற கேமில் நிமிடத்துக்கு எண்பது சுழற்சி என்று வைத்துக்கொண்டால் சுமார் 417 மணி நேரத்தில் அது தீரும். தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் ஏழு மாதம். எல்லோருக்கும் ஏழே மாதத்தில் கெட்டுவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள், மெதுவான கேம்களில் பல வருடம் ஓடும். ஆனால் இது தேய்ந்தே தீரும் பாகம் என்பதை அந்தக் கணக்கு தெளிவாகக் காட்டிவிடுகிறது.

பொதட்டூர்பேட்டையிலும் பள்ளிப்பட்டிலும் விசைத்தறி ஓட்டுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள், உடனே புரியும். பிக்கர் தேய்ந்தால் பிக்கரை மாற்றுவார்களே தவிர தறியைத் தூக்கிப் போடமாட்டார்கள். கன்ட்ரோலருக்கும் அந்த நியாயம்தான் வேண்டும்.

எட்ஜ் அந்த நியாயத்தைப் பாதியாவது செய்திருக்கிறது. பின்பக்கம் உள்ள தள்ளுபட்டையை நகர்த்தினால் முன்மூடி கழன்று வரும். ஒரு சிறு நெம்புகோலைத் தூக்கி, ஸ்டிக் மாட்யூலை முழுதாக உருவி, புதியதைச் செருகலாம். சால்டரிங் வேண்டாம், ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். தனி மாட்யூலின் அறிமுக விலை 19.99 டாலர். சாதாரண டூயல்சென்ஸில் இதே வேலைக்கு ஒரு ஸ்டிக்குக்குப் பதினான்கு இடங்களில் ஈயத்தை உருக்கி எடுக்க வேண்டும். கை நடுங்கினால் போர்டே போய்விடும். எட்ஜ் மாட்யூலுக்குள் இருப்பதும் அதே உரசும் பாகம்தான் என்பதை மறக்க வேண்டாம், அதுவும் ஒரு நாள் ட்ரிஃப்ட் ஆகும். ஆனால் அந்த நாளில் நீங்கள் ரயில் ஏற வேண்டியதில்லை. என்னைப் பொறுத்தவரை எட்ஜின் விலையை நியாயப்படுத்தும் ஒரே காரணம் இதுதான்.

எலைட் 2-இல் தொப்பி கழலும், பேடில் கழலும், டி-பேட் கழலும். இதைப் பார்த்துவிட்டு எல்லாமே மாற்றலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தொப்பி வேறு, உள்ளே அளவு எடுக்கும் பாகம் வேறு. அந்தப் பாகத்தை மாற்ற முழுதாகப் பிரித்து சால்டரிங் செய்தே ஆக வேண்டும். எலைட் 2 பற்றிப் புகார்கள் குவிந்தபோது, மைக்ரோசாஃப்ட் அதன் வாரண்டியை 2020-இல் 90 நாளிலிருந்து ஒரு வருடமாக நீட்டியது. அது நல்ல முடிவுதான், ஆனாலும் வாரண்டி முடிந்த பிறகு நம் பாடு நம்மோடு.

காந்தம் கொண்ட ஸ்டிக்

தேயாத வழி ஒன்றும் இருக்கிறது. எட்வின் ஹால் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1879-இல் கண்டுபிடித்த விளைவு அது. மின்னோட்டம் பாயும் கடத்திக்குக் குறுக்கே காந்தப்புலம் வந்தால், பக்கவாட்டில் ஒரு மின்னழுத்தம் உண்டாகும். ஸ்டிக்கின் அடியில் ஒரு காந்தத்தை வைத்து, அது நகர்வதை இப்படி அளந்துவிட்டால் உரசலே இல்லை, அதனால் அளக்கும் பாகத்தில் தேய்மானமும் இல்லை. இது புதிய யோசனையும் அல்ல. 1998-இல் வந்த சேகா ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே இந்த முறை இருந்தது. இப்போது ஹால் எஃபெக்ட், அதற்கு அடுத்து வந்த டிஎம்ஆர் என்று இரண்டு வகைக் காந்த ஸ்டிக்குகள், எலைட், எட்ஜ் விலையில் பாதிக்கும் குறைவான கன்ட்ரோலர்களிலும் வருகின்றன. இந்திய பிராண்டுகளும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கோடு விற்கின்றன.

பெரிய நிறுவனங்கள் இதில் பின்தங்கியிருப்பது எனக்கு வருத்தம்தான். 2019-இல் வந்த எலைட் 2-இலும் 2023-இல் வந்த எட்ஜிலும் காந்த ஸ்டிக் இல்லை. ஜாய்-கான் ட்ரிஃப்டுக்காக அமெரிக்காவில் வழக்குகளையே சந்தித்த நிண்டெண்டோ, 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-இன் ஜாய்-கானிலும் ஹால் எஃபெக்ட் வைக்கவில்லை. இத்தனை டாலர் வாங்குகிற பொருளில் இந்த முறையை நாம் கேட்டே வாங்க வேண்டும்.

எது எதோடு சேரும்?

கடைக்குப் போவதற்கு முன் தெளிவாக இருக்க வேண்டியது இந்த விஷயத்தில்தான்.

ப்ளேஸ்டேஷன் 5 வைத்திருந்தால் டூயல்சென்ஸ் குடும்பத்துக்குள்ளேயே இருங்கள். எக்ஸ்பாக்ஸ் எலைட் நேரடியாக வேலை செய்யாது. பழைய டூயல்ஷாக் 4-ஐ ப்ளேஸ்டேஷன் 5-இல் இணைத்தால் ப்ளேஸ்டேஷன் 4 கேம்களை மட்டும் ஆடலாம். எட்ஜை வாங்கிக்கொண்டு போய் ப்ளேஸ்டேஷன் 4-இல் ஆடலாம் என்று நினைப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், அது அதற்கானது அல்ல.

எக்ஸ்பாக்ஸ் வைத்திருந்தால் எலைட் 2, அல்லது மைக்ரோசாஃப்ட் அனுமதி பெற்ற வேறு நிறுவனத்தின் கன்ட்ரோலர். அனுமதி இல்லாதவற்றை மைக்ரோசாஃப்ட் 2023 நவம்பரிலிருந்து தடுக்கத் தொடங்கிவிட்டது. ஆகவே பெட்டியின் மேல் எக்ஸ்பாக்ஸ் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் "எல்லாத்துக்கும் ஆகும் தம்பி" என்று சொல்வது போதாது.

விண்டோஸ் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்குத்தான் வாய்ப்பு அதிகம், குழப்பமும் அதிகம். கன்ட்ரோலரின் பேச்சை விண்டோஸ் இரண்டு முறைகளில் கேட்கிறது. பழையது டைரக்ட்இன்புட். எக்ஸ்பாக்ஸ் 360 காலத்தில் வந்தது எக்ஸ்இன்புட். பெரும்பாலான கேம்கள் எக்ஸ்இன்புட்டைத்தான் எதிர்பார்க்கின்றன, அதனால் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரைச் செருகினாலே ஆடத் தொடங்கிவிடலாம். டூயல்சென்ஸை ஸ்டீம் வழியாக ஆடினால் ஸ்டீமே மொழிபெயர்த்துக் கொடுத்துவிடும், தொல்லை இல்லை. வேறு கடைகளில் வாங்கிய கேம் என்றால் அதையும் ஸ்டீமில் சேர்த்து அதன் வழியாகத் திறந்து பாருங்கள், பல கேம்களில் சரியாகிவிடும்.

டூயல்சென்ஸின் பெருமையே ட்ரிகர் இறுகுவதும் நுண்ணிய அதிர்வும்தான். கம்ப்யூட்டரில் இவை கிடைக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. அந்த கேம் அதை ஆதரிக்க வேண்டும், பெரும்பாலான கேம்களில் யூஎஸ்பி கேபிளாலும் இணைத்திருக்க வேண்டும். ப்ளூடூத்தில் ஆடினால் அவை பெரும்பாலும் சாதாரண அதிர்வாகச் சுருங்கிவிடும். கேபிள் இல்லாமல் கட்டிலில் சாய்ந்து ஆடப்போகிறவர் அந்த வசதிக்காக அதிக விலை கொடுப்பதில் பொருள் இல்லை.

ஸ்விட்சில் எட்ஜோ எலைட்டோ நேரடியாகச் சேராது. இடையில் தனி டாங்கிள் தேவை.

ஐபோனில் 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் எக்ஸ்பாக்ஸ், டூயல்ஷாக் 4 கன்ட்ரோலர்கள் சேர்கின்றன. டூயல்சென்ஸுக்கு ஐஓஎஸ் 14.5 தேவை. ஆண்ட்ராய்டிலும் ப்ளூடூத்தில் இணையும். ஆனால் கன்ட்ரோலர் போனோடு சேர்வது ஒன்று, கேம் கன்ட்ரோலரை ஏற்பது வேறொன்று. நம் ஊர்ப் பையன்கள் அதிகம் ஆடுவது பிஜிஎம்ஐ. அது கன்ட்ரோலரை ஏற்பதில்லை. இடையில் செயலி போட்டு ஏமாற்றி ஆடினால் கணக்கு முடக்கப்படலாம். கால் ஆஃப் டியூட்டி மொபைல், மைன்கிராஃப்ட் போன்றவை ஏற்கின்றன. பிஜிஎம்ஐக்காக எந்தக் கன்ட்ரோலரும் வாங்காதீர்கள், அந்தக் காசு வீண்.

நம் வெயிலும் பேட்டரியும்

கோடையில் தமிழ்நாட்டு வெப்பநிலைப் பட்டியலில் திருத்தணி மேலே நிற்பது எல்லோருக்கும் தெரிந்தது. லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. முழு சார்ஜ் ஏற்றி, ஓட்டு வீட்டு அறையில், ஜன்னலோரம் வைத்தால் அதன் ஆயுள் சீக்கிரம் குறையும். பரீட்சைக் காலத்தில் ஆடாமல் எடுத்து வைப்பதானால் பாதி சார்ஜில், வெயில் படாத அலமாரியில் வையுங்கள். கைப்பிடியில் ஒட்டியிருக்கும் ரப்பரின் பசையும் வியர்வையிலும் சூட்டிலும் தளரும். ஆடி முடித்ததும் உலர்ந்த துணியால் துடைப்பது போதும்.

எட்ஜின் பேட்டரி 1050 மில்லிஆம்பியர் அவர். சாதாரண டூயல்சென்ஸில் 1560. அதிக விலைக்குக் குறைந்த நேரம் என்பதைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள். எலைட் 2-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்வது 40 மணி நேரம் வரை. ஆனால் அந்தப் பேட்டரி உள்ளேயே பூட்டப்பட்டது. சாதாரண எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரோ இரண்டு பென் டார்ச் செல்லில் ஓடும். செல் தீர்ந்தால் தெருமுனைக் கடையில் வாங்கிப் போட்டு ஆடலாம். என் அளவுகோலில் அதுவும் ஓர் உயர்தர வசதிதான்.

இன்னொரு சிறு செய்தி. நொடிக்கு ஆயிரம் முறை தகவல் அனுப்பும் என்று சில பெட்டிகளில் போட்டிருக்கும். நொடிக்கு அறுபது படம் ஓடும் கேமில் ஒரு படத்துக்கே கிட்டத்தட்ட 17 மில்லி நொடி ஆகிறது. உங்கள் டிவியில் கேம் மோடு அணைந்திருந்தால் அதைவிடப் பல மடங்கு தாமதம் அங்கேயே வந்துவிடும். முதலில் செட்டிங்ஸில் போய் கேம் மோடைப் போடுங்கள். அதற்குப் பைசா செலவில்லை.

யாருக்கு என்ன?

ப்ளேஸ்டேஷன் 5-இல் தினமும் சுடுகிற கேம் ஆடுகிறவர், சொந்தச் சம்பாத்தியம் உள்ளவர் என்றால் எட்ஜ் வாங்கலாம். வாங்கும் முன் ஸ்டிக் மாட்யூல் தனியாக இந்தியாவில் கிடைக்கிறதா என்று பார்த்து, முடிந்தால் ஒரு மாட்யூலையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். கம்ப்யூட்டரில் மட்டும் ஆடுகிற மாணவர் என்றால், எக்ஸ்இன்புட் வசதியோடு, பின்பக்கம் இரண்டு பட்டன் உள்ள, ஹால் எஃபெக்ட் ஸ்டிக் கன்ட்ரோலர் ஒன்று போதும். எட்ஜ் விலையில் சிறு பங்குதான் ஆகும், ஸ்டிக்கும் அதிக நாள் உழைக்கும். எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர் சாதாரண எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரிலேயே தொடங்குங்கள். பேடில் இல்லாமல் ஆட முடியவில்லை என்று உங்கள் கை சொல்லும் வரை எலைட் தேவையில்லை.

கதை சொல்லும் கேம்களை ரசித்து ஆடுகிறவருக்கு இவை எதுவுமே வேண்டாம். டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா'வை ஆடிப் பாருங்கள். கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தாய் இட்லியும் புட்டும் செய்தபடி தன் மகனோடு உறவைக் காத்துக்கொள்ளும் கதை. 2024-இல் சிறந்த முதல் கேமுக்கான பாஃப்டா விருது அதற்குத்தான் கிடைத்தது. எந்தச் சாதாரண கன்ட்ரோலரிலும் ஆடலாம்.

எங்கே வாங்கினாலும் பில் கேளுங்கள். பில் இல்லாத பொருளுக்கு வாரண்டி இல்லை. சந்தையில் போலி டூயல்ஷாக்குகள் ஏராளம், விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடையிலேயே கம்ப்யூட்டரில் இணைத்து, ஸ்டிக்கை விட்டதும் புள்ளி நடுவுக்கு வந்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் அப்பா அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் வீட்டில் இருக்கும் கருவியில் இது முழுதாக வேலை செய்யுமா? ஸ்டிக் காந்தமா, உரசுகிற வகையா? உரசுகிற வகை என்றால் நாங்களே மாற்ற முடியுமா? மூன்றுக்கும் நேரான பதில் வராத கன்ட்ரோலருக்குப் பதினைந்தாயிரம் கொடுக்காதீர்கள். அது எந்தப் பெரிய நிறுவனத்தின் பெயரைத் தாங்கியிருந்தாலும் சரி.